துண்டுபட இயலாத துளி

பாலிஸ்டைரீன் என்னும் பொருளைத் தண்ணீரில் எத்தனை காலம் ஊறப்போட்டாலும் அது கரைவதில்லை. தெர்மோகோல் என்று கடைகளில் விற்கப்படும் வெண்பலகை மழைநீரில் மிதந்து செல்வதைக் கண்டவர்களுக்கு இதற்கு வேறு சாட்சியம் வேண்டியதில்லை. அதன் மூலக்கூறு ஒரு நீண்ட சங்கிலி. கார்பன் அணுக்களாலான முதுகெலும்பில் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பென்சீன் வளையங்கள் தொங்க, அவ்வளையங்கள் அனைத்தும் எண்ணெயின் சுபாவம் உடையனவாகையால், நீரோடு கலக்க மறுத்துத் தமக்குள்ளேயே ஒண்டிக்கொள்கின்றன. ஆயினும் அவ்வளையங்களின்மீது சல்ஃபோனிக் அமிலத் தொகுதியை இரசாயன முறையில் ஏற்றி, அந்த அமிலத்தைச் சல்ஃபோனேட்டு என்னும் சோடிய உப்பாக மாற்றிவிட்டால், சோடியம் அயனியாகப் பிரிந்து நீருக்குள் செல்ல, சங்கிலியின்மேல் எதிர்மின்னூட்டம் எஞ்சி நிற்க, நீரை வெறுத்த அதே பொருள் நீரிலேயே கரைந்துவிடுகிறது. எல்லா வளையங்களிலும் ஏற்றவேண்டும் என்பதுமில்லை. ஏறத்தாழ 30 விழுக்காட்டு வளையங்களில் ஏற்றினாலே போதும். அந்த நிலையில் சங்கிலியின் மூன்றில் இரண்டு பங்கு இன்னும் நீரை வெறுத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு பகுதியின் மின்னூட்டத்தால் நீருக்குள் இழுத்துவரப்பட்டு, மறுபகுதியின் வெறுப்பால் தன்னுள்ளேயே சுருங்க முயலும் இத்தகைய சங்கிலி, கரைசலில் என்ன வடிவங்கொண்டு வாழ்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சங்கிலியின் நீளம் என்பது வேறு, அது கரைசலில் கொள்ளும் பரிமாணம் என்பது வேறு. ஆயிரம் கண்ணிகளையுடைய சங்கிலி ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரு கண்ணியின் நீளத்தையே அளவுகோலாக வைத்துக் கணக்கிடுவோம். அது முற்றிலும் நேராக நிமிர்ந்து நின்றால் அதன் நீட்டம் 1000. கண்ணிகள் ஒன்றையொன்று விரும்பாமலும் வெறுக்காமலும், வெப்ப இயக்கம் தள்ளிய திசையிலெல்லாம் தற்செயலாகத் திரும்பித் திரும்பிச் செல்லுமாயின், இரு முனைகளுக்கும் இடையேயுள்ள சராசரித் தூரம் ஆயிரத்தின் வர்க்கமூலமாகிய 32 மட்டுமே. கண்ணிகள் தம்மைவிடக் கரைப்பானையே பெரிதும் விரும்பும்போது சங்கிலி சற்றே ஊதிப்பெருக்கும். 1974-இல் நோபெல் பரிசு பெற்ற பால் ஃப்ளோரி வகுத்த கணக்கின்படி அப்போது ஏறத்தாழ 63. கரைப்பானைக் கண்ணிகள் வெறுக்கும்போதோ, சங்கிலி முழுவதும் நெருக்கமாகத் திரண்டு ஓர் உருண்டையாகி, ஆயிரத்தின் கனமூலமாகிய 10 என்னும் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. பத்துக்கும் ஆயிரத்துக்கும் இடையே இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதனால்தான், மின்னூட்டத்தில் செய்யும் சிறு மாற்றமும் சங்கிலியின் தோற்றத்தைத் தலைகீழாக மாற்றிவிடக் கூடியதாகிறது.

மின்னூட்டம் சங்கிலியை விரிக்கும் என்பது புதிய ஞானமன்று. வெர்னர் குன், கின்ஸ்லே, அஹரோன் கச்சால்ஸ்கி ஆகிய மூவரும் 1948-ஆம் ஆண்டிலேயே, அமிலத் தொகுதிகளைத் தாங்கிய சங்கிலி மின்னூட்டம் ஏற ஏற நீண்டு நிமிர்வதைக் கணக்கிட்டுக் காட்டியிருந்தனர். இரண்டாண்டுகளுக்குள், அத்தகைய சங்கிலிகளைப் பின்னிச் செய்த வலைப்பொருள் காரத்தில் நீள்வதையும் அமிலத்தில் சுருங்குவதையும், அச்செயலைத் திரும்பத் திரும்பச் செய்விக்க முடிவதையும் குன், கச்சால்ஸ்கி முதலானோர் பிரத்யட்சமாகக் காட்டினர். இரசாயன சக்தி நேரடியாக இயந்திரச் செயலாக மாறும் இக்காட்சி, தசையின் இரகசியமே கைக்கு வந்துவிட்டது போன்ற உற்சாகத்தை அக்காலத்தில் எழுப்பியதில் வியப்பில்லை. ஆனால் அந்த உற்சாகத்தினிடையே ஒரு முரண் தலைகாட்டியது. பாலிஅக்ரிலிக் அமிலம் மின்னூட்டத்துக்கேற்ப ஒரே சீராக விரிந்து செல்ல, அதனைவிடக் கண்ணிக்கு ஒரு மெதில் தொகுதி மட்டுமே அதிகமாக உடைய பாலிமெதாக்ரிலிக் அமிலம் அவ்வாறு செய்யவில்லை. அது தொடக்கத்தில் மின்னூட்டம் ஏறியும் விரிய மறுத்து, இறுகிய உருண்டையாகவே இருந்து, தொகுதிகளில் பத்திலொரு பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை அயனியாகும் குறுகிய எல்லைக்குள் திடீரென்று மடல் அவிழ்ந்துவிடுகிறது. கண்ணிக்கு ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் மட்டுமேயான அந்தச் சிறு மெதில், நீர்வெறுப்பு என்னும் மற்றொரு விசையை அரங்கிற்குள் கொண்டுவந்துவிட்டது. இரண்டு விசைகளும் ஒரே சங்கிலியில் போராடும்போது என்ன நேரும் என்ற கேள்வி அப்போதே பிறந்துவிட்டது என்று சொல்லலாம். விடை வடிவெடுக்க மேலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றன.

அவ்விடையின் வித்தோ, பாலிமர் என்ற கருத்தே தோன்றுவதற்கு முன்னர், 1882-இல் லார்ட் ரேலே எழுதிய கட்டுரையொன்றில் ஏற்கனவே இடப்பட்டிருந்தது. மின்னூட்டம் பெற்ற ஒரு திரவத்துளி எந்த அளவுவரை கோளமாகவே நிலைத்திருக்கும் என்று அவர் கேட்டார். துளியின் மேற்பரப்பைச் சுருக்கவேண்டும் என்று பரப்பு இழுவிசை முயல்கிறது. ஒன்றையொன்று விலக்கும் மின்னூட்டங்களோ அதனை விரிக்க முயல்கின்றன. மின்னூட்டத்தின் வர்க்கம், ஆரத்தின் கனத்துக்கு உரிய ஓர் எல்லையைத் தாண்டுமாயின் கோளம் நிலைகுலைந்து, நீண்ட துளியாகி, மெல்லிய தாரைகளை வெளியே பீச்சும் என்பது அவர் கண்ட முடிவு. இக்கணக்கின் உட்கருவை எவரும் ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். ஒரு துளியை இரண்டு சம துளிகளாகப் பிரித்து வெகுதூரத்தில் வைத்தால், பரப்புச் சக்தி 26 விழுக்காடு கூடுகிறது. மின்சக்தியோ 37 விழுக்காடு குறைகிறது. ஆகவே மின்சக்தியானது பரப்புச் சக்தியில் ஏறத்தாழ 0.7 பங்கைத் தாண்டியவுடனேயே பிரிந்திருப்பது லாபமாகிவிடுகிறது. எனினும் பிரியும் வழியில் சக்தித் தடையொன்று குறுக்கிடுவதனால், மின்சக்தி பரப்புச் சக்தியைப்போல் இருமடங்காகும் வரை கோளம் பொறுத்திருக்க முடியும். யுரேனியத்தின் அணுக்கரு பிளவுபடுவதை விளக்கப் பௌதிக அறிஞர்களான போரும் வீலரும் 1939-இல் கையாண்டதும் இதே கணக்குத்தான். அணுக்கருவுக்கும் மழைத்துளிக்கும் பிளாஸ்டிக் சங்கிலிக்கும் ஒரே சித்தாந்தம் பொருந்துவதை எண்ணும்போது, பௌதிக சாஸ்திரத்தின் சிக்கனம் நம்மை வியக்கச் செய்கிறது.

நீரை வெறுக்கும் சங்கிலி சுருண்டு கிடக்கும் உருண்டையும் இத்தகைய துளியே. அதற்குத் தெளிவான மேற்பரப்பு உண்டு. நீரைத் தீண்டும் கண்ணிகளெல்லாம் உள்ளே மறைய விரும்புவதனால் அந்தப் பரப்புக்கு இழுவிசையும் உண்டு. அதன்மேல் சிறிது சிறிதாக மின்னூட்டத்தை ஏற்றிக்கொண்டு போனால் ரேலேயின் எல்லை வந்தே தீரவேண்டும். அந்த எல்லையில் சங்கிலியின் மொத்த மின்னூட்டம் கண்ணிகளின் எண்ணிக்கையினுடைய வர்க்கமூலத்துக்கு ஒத்ததாக அமைகிறது. அதாவது சங்கிலியை நான்கு மடங்கு நீளமாக்கினால், அது தாங்கக்கூடிய மொத்த மின்னூட்டம் இருமடங்கே ஆவதனால், கண்ணிக்குக் கண்ணி பங்கிட்டுப் பார்க்கையில் தாங்கும் திறன் பாதியாகிவிடுகிறது. நீண்ட சங்கிலிகள் மிகச் சிறிய மின்னூட்டத்திலேயே உருண்டையாக நிற்க இயலாமல் போவதன் காரணம் இதுவே.

எல்லையைத் தாண்டிய பின் என்ன வடிவம்? 1980-இல் மாஸ்கோவைச் சேர்ந்த அலெக்ஸி கோக்லோவ் அளித்த விடை, உருண்டை நீண்டு ஒரே பருமனுள்ள உருளையாக மாறும் என்பது. பரப்புச் சக்தியையும் மின்விலக்கத்தையும் சமன்செய்து பெற்ற அந்த விடையில் கணிதப்பிழை ஏதுமில்லை. ஆனால் நிலைகுலைந்த துளி உருளையாக நின்றுவிடுவதில்லை, இடையிலே இறுகித் துண்டுபடவே முற்படுகிறது என்ற ரேலேயின் பாடம் அதில் சேர்க்கப்படவில்லை. நேர்மின்னும் எதிர்மின்னும் ஒருங்கே தாங்கிய சங்கிலிகளை ஆராய்ந்துகொண்டிருந்த யாக்கோவ் கான்டோர், மெஹ்ரான் கார்டார் இருவரும் 1990-களின் நடுப்பகுதியில் அப்பாடத்தை நினைவூட்டினர். உபரி மின்னூட்டம் ஓரளவைத் தாண்டும்போது அச்சங்கிலி, சிறு உருண்டைகளை மெல்லிய நூல்கள் இணைக்கும் மாலையாகலாம் என்பது அவர்கள் கருத்து. ஒரே வகை மின்னூட்டமுடைய நீர்வெறுக்கும் சங்கிலிக்கு அதனை முழுச் சித்தாந்தமாக விரித்தவர்கள் ஆந்திரே டோப்ரினின், மைக்கேல் ருபின்ஸ்டைன், செர்கே ஒபுகோவ் ஆகியோர். அவர்களுடைய கட்டுரை 1996-இல் வெளிவந்தது.

அச்சித்தாந்தத்தின் அழகு முழுவதும் ஒரே உண்மையின்மீது நிற்கிறது. ரேலேயின் துளி பிளந்தால் அதன் குழந்தைத் துளிகள் ஒன்றைவிட்டொன்று பறந்து போய்விடும். சங்கிலியின் துளி பிளந்தாலும் அதன் பாகங்கள் பறந்துபோக இயலாது, ஏனெனில் கண்ணிகளைக் கோத்திருக்கும் இரசாயனப் பிணைப்பு அறுவதில்லை. ஆகையால் பிளவு, பாதியிலே நிறுத்தப்பட்ட பிளவாகவே நிரந்தரமாக நின்றுவிடுகிறது. முதலில் இரு உருண்டைகளும் நடுவே ஒரு நூலும், மின்னூட்டம் மேலும் ஏறினால் மூன்று உருண்டைகள், பின்னர் நான்கு, இவ்வாறு படிப்படியாக, ஒவ்வொரு படியிலும் திடீர் மாற்றமாக, அருவி படிகளில் இறங்குவதுபோல வடிவங்கள் தொடர்கின்றன. ஒவ்வோர் உருண்டையும் தன்னளவில் ரேலேயின் எல்லைக்குள் அடங்கியிருக்கவேண்டும் என்பதே விதியாகையால், உருண்டையின் பருமனைச் சங்கிலியின் நீளம் தீர்மானிப்பதில்லை. சங்கிலியை இருமடங்காக்கினால் உருண்டைகளின் எண்ணிக்கை இருமடங்காகுமேயன்றி அவற்றின் பருமன் மாறாது. மாறாக, மின்னூட்டம் பெற்ற கண்ணிகளின் விகிதத்தை இருமடங்காக்கினால், ஓர் உருண்டைக்குள் அடங்கும் கண்ணிகள் நான்கிலொரு பங்காகக் குறைந்து, உருண்டைகள் நான்கு மடங்காகப் பெருகுகின்றன. நூலின் கதை வேறு. அதன் தடிப்பை மின்னூட்டம் தொடுவதே இல்லை; கரைப்பான் எவ்வளவுக்கு வெறுக்கத்தக்கதோ அவ்வளவுக்கு நூல் மெலிகிறது. நூலின் நீளம் மாத்திரம், அடுத்தடுத்த இரு உருண்டைகளின் விலக்கமும், நூலை உருண்டைக்குள் இழுத்துக்கொள்ள முயலும் பரப்பு இழுவிசையும் சமப்படும் இடத்தில் அமைகிறது. இவ்வமைப்பில் சங்கிலியின் பொருள் பெரும்பாலும் உருண்டைகளிலும், அதன் நீளம் பெரும்பாலும் நூல்களிலும் இருக்கிறது என்ற ஒரு விஷயத்தை வாசகர் மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னால் வரும் பரிசோதனைச் சிக்கல்கள் எளிதில் விளங்கும்.

இதுவரை சொன்ன கணக்கில் ஒரு பாத்திரம் மேடையேறவே இல்லை. சங்கிலியை விட்டுப் பிரிந்து நீரில் உலவும் சோடிய அயனிகள், அதாவது எதிரயனிகள், எங்கோ தொலைவில் சென்று மறைந்தன என்று வைத்துக்கொண்டே மாலையைக் கோத்துவிட்டோம். அவை அவ்வாறு மறைவதில்லை. இரண்டு தனி மின்னூட்டங்களின் பரஸ்பர சக்தி வெப்ப இயக்கத்தின் சக்திக்குச் சமமாகும் தூரம், சாதாரண வெப்பநிலையில் நீரில் 0.7 நானோமீட்டர். சங்கிலியில் மின்னூட்டங்கள் அதைவிட நெருங்கி அமைந்தால், எதிரயனிகளில் ஒரு பகுதி திரும்பி வந்து சங்கிலியை ஒட்டிக்கொண்டு, மிகுதி மின்னூட்டத்தை மறைத்துவிடும் என்று ஜெரால்ட் மானிங் 1969-இல் கூறினார். பாலிஸ்டைரீனில் கண்ணிக்குக் கண்ணி இடைவெளி 0.25 நானோமீட்டரே ஆகையால், எல்லா வளையங்களிலும் சல்ஃபோனேட்டு ஏற்றினாலும், மானிங்கின் கணக்கின்படி வெளியே தெரியும் மின்னூட்டம் 35 விழுக்காடு மட்டுமே. 

நேராக நிமிர்ந்த கோட்டுக்குச் சொன்ன இந்த விதியை உருண்டைகளாலான மாலைக்கு அப்படியே பொருத்துவது தகாது. சங்கிலி உருண்டையாகத் திரளும்போது மின்னூட்டங்கள் நெருங்குகின்றன. நெருங்கவே எதிரயனிகள் அதனுள் மிகுதியாகக் குடிபுகுகின்றன. அவை குடிபுகவே விலக்கம் தணிந்து, பரப்பு இழுவிசை வலுத்து, உருண்டை மேலும் பெருக்கிறது. பெருத்த உருண்டை இன்னும் பல எதிரயனிகளை ஈர்க்கிறது. கரைப்பானின் தரம் சற்றே தாழ்ந்தாலும் இச்சுழல் தன்னைத்தானே வேகப்படுத்திக்கொண்டு, மாலை முழுவதையும் ஒரே உருண்டையாகச் சரியச் செய்யக்கூடும். போதாக்குறைக்கு, நீரின் மின்கடத்தா மாறிலி 80-ஐ ஒட்டியிருக்க, பாலிஸ்டைரீனுடையதோ 3-ஐக்கூட எட்டாது. எண்ணெய்ச் சூழலுக்குள் அகப்பட்ட அயனிகள் ஒன்றையொன்று பற்றும் பிடி நீரில் உள்ளதைவிடப் பன்மடங்கு வலியது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் முருகப்பன் முத்துக்குமார் 2004-இல் வெளியிட்ட கொள்கை, நெகிழும் சங்கிலியின்மேல் எதிரயனிகள் படிவதையும் சங்கிலியின் பரிமாணத்தையும் தனித்தனியே கருதாமல் ஒருங்கே தீர்வு காணவேண்டும் என்றும், சங்கிலியை அடுத்துள்ள இடத்தின் மின்கடத்தாத் தன்மை கணக்கில் முதன்மை பெறவேண்டும் என்றும் வற்புறுத்துகிறது. இந்த நோக்கே சரியான வழி என்பது என் கருத்து. சங்கிலியின் மின்னூட்டம் இவ்வளவு என்று நாம் முன்கூட்டியே கொடுத்துவிட்டு அதன் வடிவத்தைக் கேட்பது பொருந்தாது; வடிவமே தன் மின்னூட்டத்தையும் தீர்மானித்துக்கொள்கிறது.

கணிப்பொறிக்குள் மாலைகள் உண்டு என்பதில் ஐயமில்லை. ஜெர்மனியின் மைன்ஸ் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் பாலிமர் ஆராய்ச்சி நிலையத்தில் மிக்கா, ஹோல்ம், கிரெமர் ஆகியோர் எதிரயனிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து 1999-இல் நடத்திய கணிப்புகளில் உருண்டைகளும் நூல்களும் தெளிவாகவே தோன்றின. ஆனால் லிம்பாக்கும் ஹோல்மும் அவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தபோது வெளிப்பட்ட செய்தி, ஓவியம்போல் அசைவற்று நிற்கும் மாலையைக் கற்பனை செய்துகொண்டவர்களை ஏமாற்றக்கூடியது. ஒரே சங்கிலி இப்போது மூன்று உருண்டைகளோடும், சற்றுப் பொறுத்து நான்கோடும், பின்பு மீண்டும் மூன்றோடும் காட்சியளிக்கிறது; ஓர் உருண்டை கரைந்து நூலாக, நூலின் நடுவே வேறோர் உருண்டை முளைக்கிறது. இந்த ஓயாத அலைவின் சராசரியைத்தான், கரைசலில் எக்ஸ் கதிரையோ நியூட்ரானையோ செலுத்தி அது சிதறுவதை அளக்கும் சிதறல் கருவி காணும். ஆகவே உருண்டைகளின் சீரான இடைவெளியால் சிதறல் அளவீட்டில் எழவேண்டிய சிகரம் மங்கிக் கரைந்துவிடுகிறது. சித்தாந்தம் உண்மையாகவே இருந்தும், அதன் கையொப்பம் அழிந்துபோகிறது என்பது விசித்திரமான நிலை.

கண்ணாலேயே கண்டுவிட முடியாதா என்ற ஆவல் இயல்பே. டிரெஸ்டன் நகரில் மின்கோ, கிரிய், ஷ்டாம் முதலானோர் 2002-இல் தனிச் சங்கிலிகளை அப்பிரகத் தகட்டில் படியச் செய்து, அணுவிசை நுண்ணோக்கியால் நோக்கி, நீண்ட சங்கிலி, மாலை, உருண்டை ஆகிய மூன்றையும் படமாகவே வெளியிட்டனர். அப்படங்கள் மனத்தைக் கவர்வன; ஆயினும் தகட்டின்மேல் படிந்த சங்கிலி, கரைசலில் முப்பரிமாணத்தில் உலவிய அதே சங்கிலிதானா, அல்லது தகட்டின் ஈர்ப்பு அதன் வடிவத்தை மாற்றிவிட்டதா என்ற ஆட்சேபத்துக்கு அவற்றால் மட்டும் விடைகூற இயலாது.

கரைசலுக்குள்ளேயே நோக்கும் பணியை நெடுங்காலம் செய்தவர்கள் பாரிஸில் கொலேஜ் த பிரான்ஸைச் சேர்ந்த குளோதின் வில்லியம்ஸும் அவருடைய சகாக்களும். பகுதி சல்ஃபோனேட்டு ஏற்றிய பாலிஸ்டைரீனையே அவர்கள் எடுத்துக்கொண்டனர். மின்னூட்டம் பெற்ற சங்கிலிகளின் கரைசலில் எக்ஸ் கதிரையோ நியூட்ரானையோ செலுத்தினால், சங்கிலிகள் ஒன்றையொன்று விலக்கி ஒழுங்கான இடைவெளி காப்பதனால் ஒரு சிகரம் தோன்றும். அது நிற்கும் இடம், முழுமையாகச் சல்ஃபோனேட்டு ஏற்றிய சங்கிலியில், செறிவின் வர்க்கமூலத்தை, அதாவது அதன் அரை அடுக்கை, ஒட்டி நகர்கிறது. நீட்டிய நூல்கள் இடத்தைப் பங்கிட்டுக்கொள்ளும்போது அப்படித்தான் நிகழவேண்டும். சல்ஃபோனேட்டைக் குறைத்துக்கொண்டே வந்தபோது அந்த அடுக்கு அரையிலிருந்து கீழிறங்கியது. நூல்களைவிட உருண்டைகளே இடைவெளியைத் தீர்மானிக்கும் நிலை நெருங்குகிறது என்பதற்கு அது அடையாளம். சவ்வூடு அழுத்தத்தை அளந்தபோதோ வேறொரு செய்தி கிடைத்தது: நீரில் தனித்து உலவும் எதிரயனிகள், மானிங்கின் விதி அனுமதித்ததைக் காட்டிலும் மிகக் குறைவாகவே இருந்தன. மிகுதி எங்கே? உருண்டைகளுக்குள் சிறைப்பட்டிருக்கின்றன என்பதைத் தவிர வேறு தக்க விளக்கம் தோன்றவில்லை.

இது அனுமானமேயன்றி நேர்க்காட்சி அன்று என்பதை அவர்களே உணர்ந்திருந்தனர் போலும். எஸாஃபி, ஸ்பித்தேரி, வில்லியம்ஸ், புவே ஆகியோர் 2009-இல் வெளியிட்ட சோதனை, கேள்வியை மறுபக்கத்திலிருந்து தாக்கியது. சங்கிலியை மாற்றாமல் கரைப்பானை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்? நீரோடு டெட்ராஹைட்ரோஃபியூரான் என்னும் அங்கக திரவத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொண்டே போனபோது, பகுதி சல்ஃபோனேட்டுச் சங்கிலிகளின் சிகரம் இடம்பெயர்ந்து, முழு சல்ஃபோனேட்டுச் சங்கிலி தூய நீரில் காட்டும் நடத்தையை நோக்கிச் சென்றது. சல்ஃபோனேட்டு எவ்வளவு குறைவோ அவ்வளவுக்கு மாற்றம் பெரிதாயிருந்தது. இயல்பாகவே நீரை விரும்பும் வேறொரு மின்னூட்டச் சங்கிலியை எடுத்து இதே திரவத்தைச் சேர்த்தபோது எந்த மாற்றமும் நிகழவில்லை; ஆகவே காரணம் திரவத்தின் பொதுவான விளைவன்று, நீர்வெறுப்பு அகன்றதே. நீரை அறவே நீக்கி, டைமெதில் சல்ஃபாக்ஸைடு என்னும் கரைப்பானில் அதே சங்கிலிகளைக் கரைத்தபோது நியூட்ரான் சிதறல் இன்னும் தெளிவான தீர்ப்பளித்தது. பல சங்கிலிகளின் கூட்டொழுங்கை விலக்கித் தனிச் சங்கிலியின் வடிவத்தை மட்டும் பிரித்துக் காட்டும் முறையில் அளந்தபோது, சல்ஃபோனேட்டு அதிகமானாலும் குறைவானாலும் எல்லாச் சங்கிலிகளும் ஒரே வடிவத்தையே காட்டின. அவ்வடிவம், முழு சல்ஃபோனேட்டுச் சங்கிலி நீரில் கொள்ளும் நீட்டிய வடிவமே. நீரில் மானிங்கின் விதியை மீறிய அதே சங்கிலிகள், நீரை விட்டு வெளியேறியவுடன் அவ்விதிக்கு உட்பட்டுவிட்டன.